கண்டிக் காப்பியைத் தின்ற துரு

மருங்காபுரி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு 1989-ஆம் ஆண்டு இடைத்தேர்தல்தான் ஞாபகம் வரும். இரட்டை இலை திரும்பக் கிடைத்து நடந்த தேர்தல் என்று அரசியல் பேசுகிறவர்கள் இன்றும் சொல்வார்கள். நான் எழுத வந்தது வேறு ஓர் இலையைப் பற்றி. அந்த இலை நம் வட்டாரத்தில் முளைத்ததே இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம் முளைத்தது. ஆனால் அதன் அடிப்புறத்தில் ஒட்டியிருந்த ஒரு சிட்டிகை மஞ்சள் தூள், நம் ஊர்க் குடும்பங்கள் எத்தனையோவற்றின் தலையெழுத்தை மாற்றிவிட்டது.

என் சிறு வயதில், "அவரு கண்டிக்குப் போனவரு" என்று பெரியவர்கள் யாரைப் பற்றியாவது சொன்னால், கண்டி நகரத்துக்குப் போனவர் என்று அர்த்தமில்லை. இலங்கை மலைத் தோட்டங்கள் அத்தனைக்கும் கண்டி என்றே பெயர். கண்டிச் சீமை என்றும் சொல்வார்கள். நம் பக்கம் வானம் பார்த்த பூமி. ஏரி நிறைந்த வருஷம் நெல், இல்லாவிட்டால் கம்பு, சோளம், வரகு, கொள்ளு, பிற்காலத்தில் கடலை. மழை தவறினால் ஊரை விட்டுப் போவதைத் தவிர வேறு வழி கிடையாது. போன இடங்களில் பெரியது கண்டி.

போனது முதலில் தேயிலைக்கு அல்ல என்பதை இப்போது பலர் மறந்துவிட்டார்கள். இலங்கை என்றால் தேயிலை என்று ஆகிவிட்டது. அதற்கு முந்திய ஐம்பது வருஷம் அங்கே காப்பிதான். வெள்ளைக்காரத் துரைமார்கள் 1830-களிலிருந்து கண்டி மலைக் காட்டை வெட்டி எரித்துக் காப்பி வைத்தார்கள். 1867-இல் கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் விட்டதே காப்பி மூட்டையை இறக்கத்தான். 1870 வாக்கில் இலங்கையிலிருந்து வருஷத்துக்குச் சுமார் 10 கோடி பவுண்டு காப்பி கப்பலேறியது. நம் கணக்கில் 4 கோடியே 50 லட்சம் கிலோ. உலகத்தில் காப்பி விற்கிற நாடுகளில் அது முன்வரிசையில் இருந்த காலம்.

அந்தக் காப்பியைப் பறித்தது திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, ராமநாதபுரம், தஞ்சை, சேலம் ஜில்லாக்களின் ஆட்கள். காப்பிக்கு ஆள் வேண்டியது பழம் பறிக்கிற பருவத்தில்தான். கங்காணி ஊருக்கு வருவார், முன்பணம் கொடுப்பார், கூட்டிப் போவார். பழம் பறித்து முடிந்ததும் பாதிப் பேர் ஊர் திரும்பிவிடுவார்கள். ஆகவே அது வலசை போவது மாதிரி. நம் பக்கத்திலிருந்து ராமநாதபுரக் கடற்கரை வரை நடை, தோணியில் மன்னார், அங்கிருந்து மாத்தளை வரை காட்டு வழியில் நூறு மைலுக்கு மேல் மறுபடியும் நடை. காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே செத்தவர்கள் கணக்கற்றவர்கள்.

1869-இல் மடுல்சீமைப் பக்கத் தோட்டம் ஒன்றில் காப்பி இலைகளில் வெளிர் மஞ்சள் புள்ளிகள் தோன்றின. எண்ணெய்த் துளி பட்டது போல ஆரம்பிக்கும். இலையைத் திருப்பினால் அடியில் ஆரஞ்சு நிறத் தூள். விரலால் தொட்டால் குங்குமம் போல ஒட்டும். வேளாண்மைத் துறையில் நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு பயிற்சிக்காகக் கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடிக்குப் போனபோது இந்தத் துருவைக் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன். கடலையில் டிக்கா இலைப்புள்ளியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது பெரிய நோயாகவே தெரியவில்லை. அழகாகக்கூட இருந்தது.

பேராதனைத் தாவரத் தோட்டத்தின் இயக்குநர் துவைட்ஸ் அந்த இலையை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பெர்க்லி என்ற பாதிரியார், பூசண ஆராய்ச்சியில் பெரிய கை, அதைப் பூதக்கண்ணாடியில் பார்த்து ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார். முதல் சொல்லுக்குப் பாதி வழவழப்பு என்று பொருள். வித்தின் ஒரு பக்கம் சொரசொரப்பாகவும் மறுபக்கம் வழவழப்பாகவும் இருப்பதால் அந்தப் பெயர். இரண்டாவது சொல்லுக்கு நாசக்காரி என்று பொருள். ஜாதகம் எழுதும்போதே பலனையும் எழுதிவிட்டார் மனிதர்.

ஆபத்து இருக்கிறது என்று துவைட்ஸ் ஆரம்பத்திலேயே எச்சரித்தார். தோட்டக்காரர்கள் காதில் வாங்கவில்லை. ஏன் என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது.

துரு வந்த செடி உடனே சாகாது. இலை உதிரும், ஆனால் மழை பெய்ததும் புதுத் தளிர் விடும். துரைக்குத் தேறிவிட்டது போலத் தோன்றும். அந்தத் தளிரும் சில வாரத்தில் புள்ளி விழுந்து கொட்டும். இலை இல்லாத செடி என்ன சமைக்கும்? அடுத்த வருஷம் காய்க்க வேண்டிய கிளை சூம்பிப்போகும். ஒரு வருஷம் கொஞ்சம் காய்ப்பு, அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம் குறைவு என்று இறங்கிக்கொண்டே போகும். மண் சத்துப் போய்விட்டது, மழை சரியில்லை என்று காரணம் சொன்னார்கள். எரு போட்டுப் பார்த்தார்கள். நம் ஊர் விவசாயியும் இதைத்தான் செய்வார். முதலில் உரக்கடைக்குப் போவார், பிறகுதான் இலையைத் திருப்பிப் பார்ப்பார்.

இதற்கு மேல் ஒன்று நடந்தது. அந்தப் பத்து வருஷத்தில் உலகச் சந்தையில் காப்பி விலை மளமளவென்று ஏறியது. ஏக்கருக்குச் சுமார் நாலரை ஹண்ட்ரட்வெயிட் கிடைத்த இடத்தில், பத்து வருஷத்தில் சுமார் இரண்டுதான் கிடைத்தது. அதாவது 225 கிலோ இருந்தது 100 கிலோவாயிற்று. மகசூல் பாதிக்கும் கீழே போனாலும் விலை ஏறியதால் கையில் வந்த பணம் குறையவில்லை. பணம் குறையாதவரை நோய் இருப்பதாக யார் ஒப்புக்கொள்வார்? குறைகிற மகசூலை ஈடுகட்ட இன்னும் காட்டை வெட்டினார்கள். காப்பிப் பரப்பு 1869-இல் சுமார் 1,76,000 ஏக்கர், 1878-இல் சுமார் 2,75,000 ஏக்கர். நோய்க்குத் தீனி போட்ட மாதிரிதான். மலைக்கு மலை ஒரே பயிர், இடையில் மறைப்புக்கு மரமில்லை. காற்று ஒரு தோட்டத்துத் தூளை அள்ளி அடுத்த தோட்டத்தில் கொட்டியது.

1870-களின் கடைசியில்தான் அரசாங்கம் விழித்தது. பேராதனையில் உதவி இயக்குநராக இருந்த மோரிஸ் கந்தகமும் சுண்ணாம்பும் கலந்து தூவிப் பார்த்தார். கொஞ்சம் பலன் தெரியும் நேரத்தில் அவருக்கு ஜமைக்காவுக்கு மாற்றலாகிவிட்டது. (சர்க்கார் உத்தியோகம் எந்தக் காலத்திலும் அப்படித்தான் போலிருக்கிறது.) 1880-இல் மார்ஷல் வார்ட் என்ற இளைஞரை இங்கிலாந்திலிருந்து வரவழைத்தார்கள். வயது 25-26.

வார்ட் செய்த வேலையைப் படித்தால் இன்றைக்கும் ஆச்சரியமாக இருக்கும். கண்ணாடிச் சில்லுகளில் கிளிசரின் தடவித் தோட்டங்களில் வைத்தார். அதில் காற்றில் வந்த துரு வித்துகள் ஒட்டின. நோய் மண்ணிலிருந்தோ வேரிலிருந்தோ வரவில்லை, காற்றில் வருகிறது என்று அப்படி நிரூபித்தார். இலையின் மேல் வித்து விழுந்து, தண்ணீர்த் துளி இருந்தால் முளைத்து, இலையின் அடிப்புறத் துவாரங்கள் வழியாக உள்ளே நுழைகிறது என்பதைப் பார்த்துப் படம் வரைந்தார். உள்ளே நுழைந்துவிட்டால் மருந்து எட்டாது. நுழைவதற்கு முன்பே இலை மேல் மருந்து இருக்க வேண்டும். இன்றைக்கு எந்த விவசாய மாணவனைக் கேட்டாலும் சொல்வான். அன்றைக்கு உலகத்துக்கே புதுச் செய்தி. மலை முழுக்க ஒரே பயிரை வைத்ததுதான் நோய்க்கு ராஜபாட்டை போட்டது என்பதையும் அவர் மறைக்காமல் எழுதினார்.

தோட்டக்காரர்களுக்கு ஏமாற்றம். ஒரு மூட்டை மருந்தோடு வருவார் என்று எதிர்பார்த்த இடத்தில், காலம் கடந்துவிட்டது என்று சொல்கிற ஆளை யாருக்குப் பிடிக்கும்? இரண்டு வருஷத்தில் வார்ட் ஊர் திரும்பினார். பின்னாளில் கேம்பிரிட்ஜில் தாவரவியல் பேராசிரியர் ஆனார்.

அவர் போன மூன்று நான்கு வருஷத்தில், 1885-இல், பிரான்சில் போர்டோ நகரத்துப் பேராசிரியர் மில்லார்டே மருந்தை வெளியிட்டார். சாலையோரத் திராட்சையைத் திருடாமல் இருக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்து வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். தெளித்த கொடியில் மட்டும் அடிச்சாம்பல் நோய் இல்லாததை அவர் கவனித்தார். அதுதான் நாங்கள் காலமெல்லாம் விவசாயிகளுக்குச் சொல்லிக்கொடுத்த போர்டோ கலவை. ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். இரும்புப் பாத்திரம் கூடாது. கலவை சரியாக வந்ததா என்று பார்க்க அரிவாள் நுனியை ஒரு நிமிஷம் முக்கி எடுக்க வேண்டும். செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு தேவை. இவ்வளவு எளிய பண்டம் ஒரு பதினைந்து வருஷம் முன்னால் கிடைத்திருந்தால் கண்டிக் காப்பி பிழைத்திருக்கலாம். 1885-இல் அங்கே பிழைக்க வைக்க அதிகம் மிச்சமில்லை. 1889-இல் ஏற்றுமதி சுமார் 50 லட்சம் பவுண்டு. இருபது வருஷத்தில் இருபதில் ஒரு பங்கு.

துரைமார்கள் நொடித்தது சரித்திரப் புத்தகங்களில் விரிவாக இருக்கிறது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் பாங்க் 1884 மே மாதம் கதவைச் சாத்தியது. அதன் நோட்டுகள் இலங்கையில் கைமாறிக்கொண்டிருந்ததால், கவர்னர் ஆர்தர் கார்டன் அரசாங்கத்தின் பெயரில் அவற்றுக்கு உத்தரவாதம் கொடுத்துக் கலவரத்தைத் தடுத்தார். நம் ஆட்களின் பக்கம் ஓரிரு வரிகளில்தான் வரும். தோட்டம் கைமாறியபோதும் மூடியபோதும் மாதக்கணக்கில் கூலி பாக்கி நின்றது. கூலிப் பாக்கிக்குத்தான் தோட்டத்தின் மேல் முதல் உரிமை என்று 1884-இல் தனியாகச் சட்டம் செய்கிற அளவுக்கு நிலைமை போயிற்று. சட்டம் வரும்வரை பாக்கி பாக்கியாகவே போனது எத்தனை பேருக்கோ.

இந்த இடத்தில் நம் ஊர்க் காலண்டரையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். தாது வருஷப் பஞ்சம் 1876-இல் தொடங்கி 1878 வரை. நம் பாட்டன்மார் கதை கதையாகச் சொன்ன பஞ்சம். 1877-இல் மட்டும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர்கள் இலங்கையில் கரையேறினார்கள். மகசூல் பாதியாகி, விலை மட்டும் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்த அதே வருஷங்கள். இங்கே ஏரி வற்றி ஓடியவர்கள், அங்கே உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்த தோட்டத்தில் போய் இறங்கினார்கள். அவர்களுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. கூட்டிப்போன கங்காணிக்கே தெரிந்திருக்காது.

காப்பிக்குப் பின் சிங்கோனா வைத்தார்கள். எல்லோரும் வைத்ததில் விலை விழுந்தது. கடைசியில் தேயிலை. ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் லூல்கந்துரத் தோட்டத்தில் 1867-இலேயே 19 ஏக்கரில் தேயிலை வைத்திருந்தார். காப்பி நன்றாக விளைந்தவரை யாரும் அவரைச் சட்டை செய்யவில்லை. 1875-இல் இலங்கை முழுக்கத் தேயிலை சுமார் ஆயிரம் ஏக்கர். 1895-இல் மூன்று லட்சம் ஏக்கர். இந்தத் துரு நோயால்தான் இங்கிலாந்துக்காரன் காப்பியை விட்டுத் தேநீர் குடிக்கப் பழகினான் என்று ஒரு கதை சுற்றிக்கொண்டிருக்கிறது. நான் அதை நம்புவதில்லை. அவன் அதற்கு நூறு வருஷம் முன்பே சீனத் தேயிலைக்கு அடிமை. துரு மாற்றியது அவன் கோப்பையை அல்ல, நம் ஆட்களின் வாழ்க்கையை.

எப்படி என்றால், காப்பிக்குப் பருவத்தில் ஆள் போதும். தேயிலைக்கு வருஷம் முழுக்க வேண்டும், வாராவாரம் கொழுந்து எடுக்க வேண்டும், பெண்களின் கை வேண்டும். ஆகவே ஆண்கள் மட்டும் போய்வந்த வழக்கம் போய், குடும்பத்தோடு போய் லயத்தில் தங்குகிற வழக்கம் வந்தது. பிள்ளை அங்கே பிறந்தது. பேரன் அங்கே பிறந்தான். ஊர் என்பது கடிதத்தில் வருகிற பெயராகச் சுருங்கியது.

1904-இல் தோட்டக்காரர்களுக்காகச் சிலோன் லேபர் கமிஷன் என்ற அமைப்பு ஏற்பட்டது. தலைமையிடம் நம் திருச்சியேதான். இங்கிருந்து ஜில்லா ஜில்லாவாக ஏஜெண்டுகளை வைத்து ஆள் அனுப்பினார்கள். 1914-இல் பாம்பன் பாலம் திறந்து தனுஷ்கோடிக்கு ரயில் போனபின் நடைபயணம் நின்றது. ஆனால் மண்டபம் முகாமில் இறங்க வேண்டும். காலரா, பிளேக், அம்மை எதுவும் கூட வரக்கூடாது என்று சில நாள் அடைத்து வைத்து, மருந்து கொடுத்து, துணிமணியை வேகவைத்து, பரிசோதித்துத்தான் கப்பலில் ஏற்றுவார்கள்.

தோட்டத்துக்குப் போகிற மனிதனுக்கு இவ்வளவு காவல். செடிக்கு? அந்தக் காலமெல்லாம் ஒரு துரை விரும்பினால் எந்த நாட்டுச் செடியையும் எந்த நாட்டுக்கும் பெட்டியில் போட்டு அனுப்பலாம். செடிகளைத் துறைமுகத்தில் நிறுத்திப் பார்க்க இந்தியாவில் சட்டம் வந்தது 1914-இல்தான். 1919-இல் சென்னை மாகாணம் பயிர்ப் பூச்சி, நோய்களுக்கென்று தன் சட்டத்தைச் செய்தது. பருத்தி மாரைக் குறித்த தேதிக்குள் பிடுங்காவிட்டால் அபராதம் என்று கொங்கு நாட்டில் தண்டோராப் போட்டது அந்தச் சட்டத்தின் பேரில். சர்வீஸில் சேர்ந்த புதிதில் மூத்த அலுவலர்கள் அந்தக் கதைகளைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

இலங்கையில் அழிந்த காப்பி இந்தியாவில் மட்டும் எப்படித் தப்பியது என்று சிலர் கேட்பார்கள். துரு இங்கேயும் வந்தது, 1870-ஐ ஒட்டியே மைசூர், குடகுப் பக்கம் வந்துவிட்டது. பாதிப்பும் பெரிதுதான். ஆனால் இங்கே காப்பி மரநிழலில் நின்றது. 1911-இல் கென்ட் என்ற தோட்டக்காரர் தம் தோட்டத்தில் துரு ஏறாத செடி ஒன்றைப் பார்த்து விதை எடுத்துப் பரப்பினார். சில வருஷத்தில் அதிலும் துரு ஏறியது. 1925-இல் பாலஹொன்னூரில் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. அங்கே மேய்ன் என்பவர், துரு என்பது ஒரே இனமல்ல, அதற்குள் பல ரகம் உண்டு, ஒன்றுக்குத் தப்பும் செடி இன்னொன்றுக்குத் தப்பாது என்று கண்டுபிடித்தார். பிறகு அங்கிருந்து எஸ்.795 வந்தது. ரோபஸ்டா வந்தது. மழைக்கு முன்னும் பின்னும் போர்டோ கலவை தெளிப்பது வழக்கமாயிற்று. இன்று நாம் விளைவிக்கிற காப்பியில் பெரும்பகுதி ஏற்றுமதியாகிறது. நோய் போய்விடவில்லை. அதோடு சேர்ந்து வாழக் கற்றுக்கொண்டார்கள், அவ்வளவுதான். பிரேசிலுக்கு அந்தத் துரு போய்ச் சேர 1970 ஆயிற்று. நூறு வருஷம் காத்திருந்து போயிருக்கிறது.

அதே மலை, அதே மக்கள், இன்னொரு நோய். 1946-இல் தேயிலையில் கொப்புள நோய் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் ஒரே வருஷத்தில் தலைகாட்டியது. அசாமில் அது 1868-இலிருந்தே தெரிந்த நோய். காப்பித் துருவை விட இது மோசம் என்று சொல்லலாம். துரு முற்றிய இலையைத்தான் பிடித்தது. இது பறிக்கிற கொழுந்தையே பிடிக்கும். இளம் இலையில் எண்ணெய்ப் பொட்டு மாதிரித் தோன்றி, அடியில் வெள்ளைக் கொப்புளமாக வீங்கும். பனியும் தூறலும் இருந்தால் மூன்று வாரத்தில் ஒரு தலைமுறை.

தேயிலை பிழைத்துக்கொண்டது. எப்படி? இலங்கையில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925-இலேயே ஏற்பட்டிருந்தது. ஏற்றுமதியாகும் ஒவ்வொரு பெட்டித் தேயிலையின் மேலும் சிறு வரி வசூலித்து அதை நடத்தினார்கள். நோய் வந்தபோது ஆள் தேடிக் கப்பலை எதிர்பார்க்க வேண்டியிருக்கவில்லை. தலவாக்கலையில் ஆட்கள் தயாராக இருந்தார்கள். நம் பக்கம் உபாசி இருந்தது. செம்பு மருந்து கையில் இருந்தது. முளைக்கும் முன் இலையில் மருந்து இருக்க வேண்டும் என்ற வார்டின் பாடம் எல்லோருக்கும் மனப்பாடம். வாரம் பத்து நாளுக்கு ஒரு முறை தெளித்துக் கொழுந்தைக் காப்பாற்றினார்கள். வார்ட் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

அந்தத் தெளிப்பைக் கண்ணால் பார்த்த ஒருவரை எனக்குத் தெரியும். எழுபதுகளில் ராமானுஜம் கப்பலில் ராமேசுவரம் வந்து இறங்கி, முன்னோர் ஊர் என்று தேடிக்கொண்டு துவரங்குறிச்சிக்கு மேற்கே ஒரு கிராமத்தில் வந்து உட்கார்ந்த ஒரு பாட்டி. நான் அந்த ஊருக்குக் கடலைப் பயிர் பார்க்கப் போவேன். அவர் காப்பி என்று சொல்லமாட்டார், கோப்பி என்பார். "எங்க அய்யாவோட அய்யா கோப்பிக்குப் போனவரு தம்பி. கோப்பிய நோவு தின்னுருச்சு. பொறவு கொழுந்துல நின்னோம்" என்பார். காப்பி நோயைப் பற்றி எந்தப் புத்தகமும் படிக்காதவர், அந்த ஒரு வரியை மூன்று தலைமுறையாகக் கொண்டுவந்திருந்தார். சிறுமியாக இருந்தபோது தேயிலைக்கு மருந்து அடிக்கிற ஆட்கள் கை காலெல்லாம் நீலமாக வருவார்களாம். நான் கடலைச் செடியை மேலே இருந்து பார்த்துக் குறிப்பெழுதிக்கொண்டிருந்தால், "எலயப் பொரட்டிப் பாருங்க தம்பி" என்று திண்ணையிலிருந்து சத்தம் வரும்.

கொழுந்துக்குக் கிடைத்த காவல் கொழுந்து பறித்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. தேயிலையைக் காப்பாற்றிக்கொண்டிருந்த அதே காலத்தில், 1948-இல், இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்து மலையகத் தமிழர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. நாட்டின் அந்நியச் செலாவணியில் பெரும்பங்கை அவர்கள் கைதான் சம்பாதித்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. 1964 அக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதியைப் பிறகு பார்த்துக்கொள்வது என்று பிரித்தார்கள். தாயகம் திரும்பியோர் என்று காகிதத்தில் எழுதினார்கள். அந்தப் பாட்டி பிறந்தது, வளர்ந்தது, பிள்ளை பெற்றது எல்லாம் கண்டிச் சீமையில். அவருக்கு எது தாயகம் என்று நான் கேட்டதில்லை. கேட்கத் தோன்றியதும் இல்லை, கடலைக்கு ஜிப்சம் வைத்தாயிற்றா என்று கேட்டுவிட்டு வந்துவிடுவேன்.

மனிதர்கள் திரும்பி வந்தது போல நோயும் அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் வந்திருக்கிறது. வாழையில் முடிக்கொத்து நோய் 1940 வாக்கில் இலங்கையிலிருந்துதான் கேரளத்துக்கு வந்தது. யாரோ கொண்டுவந்த கன்று வழியாக என்றுதான் கருதுகிறார்கள். அசுவினிப் பூச்சி பரப்பும் நச்சுயிரி அது. கீழ்ப்பழனி மலையில் விருப்பாட்சி வாழையின் பெரும்பகுதியை அது அழித்தது. பழனி பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன பழம், கிட்டத்தட்ட காணாமல் போயிருக்கும். திசு வளர்ப்பில் நோயில்லாத கன்று எடுத்துத்தான் மறுபடி நட்டார்கள்.

திருச்சிக்காரர்களுக்கு வாழை சோறு மாதிரி. முசிறி, தொட்டியம், குளித்தலை, லால்குடி என்று காவிரி போகிற இடமெல்லாம் பூவன், ரஸ்தாளி, நேந்திரன். ரஸ்தாளிக்கு வாடல் நோய் வருவது நமக்குப் பழைய செய்தி. அதே நோய்தான் நடு அமெரிக்காவில் குரோ மிஷேல் என்ற ஏற்றுமதி வாழையை 1960-களுக்குள் வணிகத்திலிருந்து துடைத்துவிட்டது. அதற்குப் பதிலாக வந்தது கேவண்டிஷ். நாம் ஜி-9 என்று சொல்வது அந்தக் குடும்பம். இன்று நம் நாட்டிலிருந்து வளைகுடாவுக்குப் பெட்டி பெட்டியாகப் போவது பெரும்பாலும் அதுதான். இப்போது வாடல் நோயில் டிஆர்-4 என்று ஒரு புது ரகம் கேவண்டிஷையும் விழுத்தாட்டுகிறது. பிஹாரில் கதிஹார், பூர்ணியா பக்கம் வந்து பல வருஷமாகிவிட்டது. 2019-இல் கொலம்பியாவில் கண்டுபிடித்தபோது அந்த அரசாங்கம் அவசரநிலையே அறிவித்தது. இதற்கு மருந்து தெளித்து ஆகாது. பூசணம் மண்ணில் பல்லாண்டு கிடக்கும். கட்டையில் போகும், செருப்பில் ஒட்டின மண்ணில் போகும், பாய்ச்சுகிற தண்ணீரில் போகும். நம் மாவட்டத்தில் ஒரு வாய்க்கால் எத்தனை ஊர்க் கொல்லையைத் தொட்டுக்கொண்டு போகிறது என்று நினைத்துப் பாருங்கள்.

தோகைமலை சாலையில் தாயனூருக்கு அருகே 1993-இல் தொடங்கிய தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. பஸ்ஸில் போகும்போது பலர் பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீர்கள். தேயிலைக்குத் தலவாக்கலை எப்படியோ வாழைக்கு அது. இந்த டிஆர்-4 விஷயமாக அங்கே நிறைய வேலை நடக்கிறது. கன்று எங்கே வாங்குவது, எப்படிச் சோதிப்பது, தோட்டத்தில் ஒரு மரம் சந்தேகமாக வாடினால் யாரிடம் சொல்வது என்று கேட்டால் சொல்லிக்கொடுப்பார்கள். வாடின மரத்தைப் பிடுங்கி வாய்க்காலில் எறிந்துவிடாமல் முதலில் அவர்களுக்குச் சொன்னால் போதும்.

ஆனி மாதம் குளித்தலைப் பக்கம் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தேன். உறவில் மருமகன் முறையாகும் பையன் ஒருவன் இரண்டு ஏக்கரில் ஜி-9 வைத்திருக்கிறான். நல்ல விலை, இந்த வருஷம் இன்னும் ஓர் ஏக்கர் சேர்த்து வைக்கப்போகிறேன் என்றான். வேலியோரம் கட்டை குவித்து வைத்திருந்தது, பச்சை மண் ஒட்டிய கட்டை.

"திசு வளர்ப்புக் கன்னு வாங்கலியா?" என்றேன்.

"அது வெல கூட மாமா. இது புரோக்கர் லாரில கொண்டாந்து எறக்குனாரு. கட்டை நல்லா தெரட்சியா இருக்கு பாருங்க."

"எந்த ஊருக் கட்டை?"

"அது தெரியல மாமா. வடக்க எங்கயோங்கிறாரு."

நடாமல் ஓரமாக வை, கட்டையை மையத்தில் காட்டிக் கேட்போம் என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலையில் தாயனூருக்கு அவனையும் கூட்டிக்கொண்டு போனேன்.